முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை அறிவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'நர்சிங் ஹோம்' என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

தமிழில் இந்தச் சொல்லைச் சிறிய தனியார் மருத்துவமனைக்கும் வழங்குவதால் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. தம் உடலைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர்கள் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தங்கி, இரவும் பகலும் செவிலியர் மேற்பார்வையில் பராமரிக்கப்படும் இல்லங்களையே இங்கே குறிப்பிடுகிறோம். நடமாட்டம் குறையாத முதியவர்கள் துணை கருதிச் சேர்ந்து வாழும் இல்லங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே அறையின் வசதியும் அக்கம்பக்கத்தாரின் குணமும் முதன்மை பெறலாம். பராமரிப்பு இல்லத்தில் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டிவிடுவது, மருந்து கொடுப்பது, மலசலம் கழிக்க உதவுவது ஆகியவை நாள்தோறும் தவறாமல் நடக்கின்றனவா என்பதே முதல் கேள்வி.

தரத்தை அளக்க முடியுமா, அல்லது அது அவரவர் மனத்தில் படுவதுதானா?

ஓரளவுக்கு அளக்க முடியும். மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மதிப்பிடுவது பற்றி அவெடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் எழுதிய கட்டுரையில் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கட்டடம், கருவிகள், பணியாளர்களின் எண்ணிக்கையும் தகுதியும் கட்டமைப்பில் அடங்கும். அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையும் அதைச் செய்யும் விதமும் செயல்முறை. புண் வந்ததா, எடை குறைந்ததா, எழுந்து நடந்தவர் படுத்த படுக்கையானாரா என்பவை விளைவு. பார்க்க வருபவர்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் முதலாவதுதான். மூன்றாவது நமக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். ஆகவே குடும்பத்தார் தம் கவனத்தை இரண்டாவதன் மேல் வைப்பதே பயனுள்ளது.

அதை யாரிடம் பார்ப்பது என்பதில் எமக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அந்த இல்லத்தில் அழைப்பு மணியை அழுத்தவோ வாய்திறந்து கேட்கவோ முடியாத நிலையில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் கவனிப்பு, அவர் கேட்டதால் கிடைத்ததாக இருக்கலாம். கேட்க முடியாதவருக்குக் கிடைப்பதுதான் அந்த இல்லத்தின் வழக்கம்.

முதல் முறை போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வரவேற்பறையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். முதியவர்கள் பகலில் உட்கார்ந்திருக்கும் பொதுக்கூடத்தில் அனுமதி பெற்று அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்திருங்கள். நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, உதடுகள் வறண்டு வெடித்திருக்கின்றனவா, மூக்குக்கண்ணாடி துடைக்கப்பட்டிருக்கிறதா, காதுக் கருவி காதில் இருக்கிறதா அல்லது அலமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். காதுக் கருவிக்கு பேட்டரி மாற்றாமல் விட்டதால் 'யாரோடும் பேசாதவர்' என்று பெயர் வாங்கிவிட்ட முதியவர்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவரின் பாதங்கள் தாங்கியில் ஊன்றியிருக்கின்றனவா, தண்ணீர்க் குவளையும் அழைப்பு மணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்தவருக்கு மணியை இடப்பக்கம் வைத்திருந்தால், அந்த அறையில் மணி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பிறகு பணியாளர்கள் பேசுவதைக் கேளுங்கள். கட்டிலிலிருந்து தூக்குவதற்கு முன் "இப்போது உங்களை உட்காரவைக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுத் தூக்குகிறார்களா, அல்லது இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டே ஒரு பொருளை இடம் மாற்றுவதுபோல் மாற்றுகிறார்களா? கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்களா? உடை மாற்றும்போது திரையை இழுத்து மூடுகிறார்களா? இவற்றுக்குக் கூடுதல் பணமோ கருவியோ தேவையில்லை என்பதால், இவை இல்லாத இடத்தில் பற்றாக்குறையைக் காரணம் காட்ட முடியாது.

துர்நாற்றம் அடித்தால் அந்த இல்லம் மோசமானது என்று முடிவுசெய்யலாமா?

ஒரே ஓர் அறையில், ஒரே ஒருமுறை சிறுநீர் வாடை வந்தால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். சற்றுமுன் நடந்ததாக இருக்கலாம். நடைபாதை முழுவதும், ஒவ்வொரு முறை போகும்போதும் அதே வாடை இருந்தால் நனைந்த டயப்பர்கள் நேரத்துக்கு மாற்றப்படவில்லை என்று கொள்ளலாம். வாடையே தெரியாத அளவுக்கு நறுமணத் தெளிப்பான் அடிக்கப்பட்டிருந்தாலும் இதே ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு ஒருமுறையும், சொல்லாமல் வேறொரு முறையும் போங்கள். இரண்டாவது முறை உணவு நேரமாகவோ, மாலை இருட்டியபிறகோ, வார இறுதியாகவோ இருக்கட்டும். மேலாளரும் அலுவலகத்தாரும் இல்லாத நேரங்களில்தான் ஆட்கள் குறைவாக இருப்பார்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு மாலை சாய்ந்ததும் பதற்றமும் குழப்பமும் கூடுவது பரவலாகக் காணப்படும் ஒன்று என்பதால், ஆள் குறைவதும் தேவை கூடுவதும் அந்த வேளையில் ஒன்றாக நிகழ்கின்றன. இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அவர்களில் தகுதிபெற்ற செவிலியர் எத்தனை பேர் என்று நேரடியாகக் கேளுங்கள். "தேவையான அளவுக்கு இருக்கிறார்கள்" என்ற விடையை ஏற்க வேண்டாம். எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் போக முடிந்தால், போகிறவர்கள் வருகிறவர்களிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் விவரம் சொல்லி ஒப்படைக்கிறார்களா என்பதும் தெரியும்.

எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும்?

எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் எழுந்து நடப்பவர்களாக இருக்கும் தளமும், பத்துப் பேருக்கும் ஊட்டிவிட வேண்டியிருக்கும் தளமும் ஒன்றல்ல. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள் உண்டு. நீண்டகாலம் தங்கியிருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4.1 மணிநேர நேரடிப் பராமரிப்பு தேவை என்று அமெரிக்க அரசுக்காக 2001இல் முடிக்கப்பட்ட ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆஸ்திரேலியா 2023 அக்டோபரில், தங்கியிருப்போருக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 200 நிமிடங்கள் என்ற அளவைக் கட்டாயமாக்கி, ஓராண்டு கழித்து அதை 215 நிமிடங்களாக உயர்த்தியது. நீங்கள் பார்க்கும் இல்லத்தில் மூன்று ஷிப்டுகளிலும் பணியாற்றும் செவிலியர், பராமரிப்பாளர் ஆகியோரின் மணிநேரங்களைக் கூட்டித் தங்கியிருப்போரின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்களுக்கும் ஓர் எண் கிடைக்கும். சமையல், துப்புரவு, அலுவலகப் பணியாளர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; சில இல்லங்கள் சேர்த்தே சொல்லும்.

எண்ணிக்கையைவிட நான் கூர்ந்து கேட்பது ஆட்கள் எவ்வளவு காலம் நிலைக்கிறார்கள் என்பதைத்தான். ஒரு முதியவர் இன்று வழக்கத்தைவிடச் சோர்வாக இருக்கிறார் என்று சொல்வதற்கு, அவரது வழக்கம் என்ன என்று தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் முகங்கள் மாறும் இடத்தில் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். பராமரிப்பாளர் ஒருவரிடமே "நீங்கள் இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடலாம், பெரும்பாலானோர் மனம்விட்டுப் பேசுவார்கள்.

படுக்கைப்புண் வருவது முதுமையில் இயல்புதானே?

இல்லை. உடல் முழுவதுமாகத் தளர்ந்த இறுதி நாட்களில் எல்லாக் கவனிப்புக்கும் மீறிச் சில புண்கள் வரலாம் என்றாலும், பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களான கீழ்முதுகு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, முழங்கை, பின்மண்டை ஆகியவற்றில் உடலின் எடை தொடர்ந்து அழுத்தும்போது அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு இறக்கிறது. அதனுடன் ஈரமும், படுக்கையில் இழுக்கப்படுவதால் ஏற்படும் உராய்வும், சத்துக்குறைவும் சேர்ந்தால் புண் விரைவில் ஆழமாகும்.

இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் உடைந்திருக்காது. அழுத்திப் பார்த்தாலும் வெளுக்காத சிவப்பு மட்டும் தெரியும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருக்கும். மூன்றாவதில் தோலின் அடியிலுள்ள கொழுப்பு வரையிலும், நான்காவதில் தசை அல்லது எலும்பு வரையிலும் புண் இறங்கியிருக்கும். மாநிறமும் கருநிறமும் கொண்டவர்களின் தோலில் முதல் நிலைச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, நிறம் கறுத்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கையால் தொட்டே அறிய வேண்டும். இதை அறிந்த பணியாளர் இருக்கும் இல்லத்தில் புண் முதல் நிலையிலேயே பிடிபடும்.

இல்லத்தாரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, சேரும்போது அபாயத்தை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்பது. 1987இல் வெளியான பிரேடன் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு ஆகிய ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் தருவார்கள், மதிப்பெண் குறையக் குறைய அபாயம் கூடும், 18க்கோ அதற்குக் கீழோ வந்தாலே கவனம் தேவை. இரண்டாவது, புரட்டிப் படுக்கவைக்கும் நேரங்களை எங்கே குறிக்கிறீர்கள் என்பது. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை என்பது நெடுநாள் வழக்கம். மெத்தையின் வகையையும் ஆளின் நிலையையும் பொறுத்து இது மாறலாம். குறிப்பேட்டில் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் எழுதப்பட்டிருந்தால் அது காலையில் ஒரே மூச்சில் நிரப்பப்பட்டது என்று ஐயுறலாம். உண்மையான வேலைக்குப் பத்து நிமிடம் முன்பின் ஆகும்.

நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சொல்கிறார்கள். ஆனால் அப்பா மெலிந்து தெரிகிறார். யாரை நம்புவது?

எடைபார்க்கும் கருவியை நம்புங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது எடை எடுக்கப்பட்டுப் பதிவாக வேண்டும். ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ எடை குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இழப்பு என்று கொள்ளப்படுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் மூன்று கிலோ இழந்தால் இல்லமே மருத்துவரையும் உங்களையும் அழைத்திருக்க வேண்டும்.

குறைந்ததற்குக் காரணம் பலவாக இருக்கலாம்: பல்செட் தளர்ந்திருக்கலாம், விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், மனச்சோர்வாகவோ புதிய மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். ஆனால் மிக எளிய காரணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும்: தட்டு வருகிறது, ஊட்ட ஆள் வருவதில்லை, அரைமணி கழித்துத் தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. உணவு வேளையில் நேரில் போய் உட்கார்ந்தால் இது ஒரே நாளில் விளங்கும். ஊட்டுபவர் நின்றுகொண்டு அவசரமாகத் திணிக்கிறாரா, எதிரில் அமர்ந்து, விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த வாயைக் கொடுக்கிறாரா என்பதையும் பாருங்கள். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வர வாய்ப்புண்டு. நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டி, முடிந்தபின்னும் அரைமணி நேரம் அப்படியே இருக்கவிடுவது முறை. வாயைச் சுத்தம் செய்வதும் இதே காரணத்தால் நிமோனியாவைத் தடுக்கும் வேலைதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால், "கேட்டால் கொடுக்கிறோம்" என்பது போதாது; கேட்காதபோதும் நேரம் வைத்துக் கொடுக்க வேண்டும். டயப்பர் மாற்றும் வேலையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைக்கும் இடங்களும் இருக்கின்றன. குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, விழுதல் என்று அதன் விளைவுகள் ஒவ்வொன்றாக வரும்போது அவற்றுக்கு 'வயது' என்று காரணம் சொல்லப்படும்.

எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். அமைதியாக இருப்பதாக மகிழலாமா?

மகிழ்வதற்கு முன் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள். மறதிநோய் உள்ளவர் கத்துவதையும் அலைவதையும் அடக்க, மனநோய்க்கான மருந்துகள் கொடுக்கப்படுவது உண்டு. மறதிநோய் கொண்ட முதியவர்களிடம் இம்மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை (பிளாசிபோ) பெற்றவர்களோடு ஒப்பிடும்போது அந்த அபாயம் ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காக இருந்தது. முதலில் புதிய தலைமுறை மருந்துகளுக்கு மட்டுமாக இருந்த இந்த எச்சரிக்கை 2008இல் பழையவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்த மருந்துகளை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பதில்லை. தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் மருத்துவர் கொடுக்கலாம். அப்போதும் எதற்காக, யார் எழுதினார், எப்போது குறைக்கப்போகிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை இருக்க வேண்டும். நீங்களாக மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்லிவிட வேண்டாம். மருத்துவரோடு பேசியே குறைக்க வேண்டும்.

விழாமல் இருக்கக் கட்டிவைக்கிறோம் என்கிறார்கள். அது சரியா?

பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் இந்த வேலை பெரும்பாலும் பாதுகாப்பைக் குறைக்கிறது. கட்டப்பட்டவர் தசை வலுவிழந்து, மூட்டு இறுகி, புண் கண்டு, அவிழ்த்துவிட்ட அன்று முன்னைவிட எளிதாக விழுவார். கட்டில் கம்பிகளுக்கு இடையே உடல் சிக்கியும், கம்பியைத் தாண்டி உயரத்திலிருந்து விழுந்தும் உயிரிழந்தவர்கள் உண்டு. தண்டனையாகவோ பணியாளர் வசதிக்காகவோ கட்டிவைப்பதும், அதே நோக்கில் மருந்து கொடுத்து அடக்குவதும் கூடாது என்பதை அமெரிக்கா 1987இல் இயற்றிய பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் தங்கியிருப்போரின் உரிமையாகவே ஆக்கியது.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. "எங்கள் இல்லத்தில் யாருமே விழுவதில்லை" என்று ஓர் இல்லம் பெருமையாகச் சொன்னால், யாரும் எழவே விடப்படுவதில்லையோ என்று யோசியுங்கள். நடமாடும் முதியவர்கள் சில நேரம் விழத்தான் செய்வார்கள். விழுந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தரம் தெரியும்: அன்றே உங்களுக்குத் தகவல் வந்ததா, தலையில் அடிபட்டதா என்று பார்த்தார்களா, எதனால் விழுந்தார் என்று ஆராய்ந்தார்களா? இரவில் கழிப்பறைக்குப் போக எழுந்து விழுந்தார் என்றால், தூங்கப்போகுமுன் கழிப்பறைக்கு அழைத்துப்போவதும், கட்டிலைத் தாழ்த்துவதும், வழியில் விளக்கெரியவிடுவதும் அதற்கான மாற்று.

அம்மாவால் பேச முடியாது. அவருக்கு வலி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முகச்சுளிப்பு, மூச்சின் வேகம், முனகல், உடலை இறுக்கிக்கொள்வது, தேற்றினாலும் அடங்காமை ஆகிய ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் அளவுமுறை ஒன்று, முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்கென்றே 2003இல் வெளியிடப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறது. "எங்களிடம் வலி என்று அவர் சொல்லவே இல்லையே" என்று பேச முடியாதவரைப் பற்றி ஓர் இல்லம் சொல்லுமானால், அந்த விடையே உங்களுக்கு வேண்டிய தகவல். குளிப்பாட்டும்போது மட்டும் கத்துகிறார், கையை ஓங்குகிறார் என்று குறை கூறப்பட்டால், அது முரட்டுத்தனமா, தோள்பட்டையைத் தூக்கும்போது உண்டாகும் வலியா என்று கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

எதற்காகப் போட்டார்கள் என்று கேளுங்கள். சிறுநீர் அடைப்பு, ஆழமான புண் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் சரி. டயப்பர் மாற்ற ஆளில்லை என்பது காரணமாகாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

அரசு தரும் நட்சத்திர மதிப்பீட்டை நம்பலாமா?

தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2008 முதல் ஐந்து நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது. ஆய்வாளர்களின் சோதனை, பணியாளர் அளவு, தர அளவீடுகள் என்ற மூன்றையும் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கேற்ற செயல்பாடு, நிர்வாகம் என்ற ஐந்தையும் பார்த்து நான்கு நிலைகளில் தரப்படுத்துகிறது. மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், அதற்கு அடியிலுள்ள சோதனை அறிக்கையைப் படியுங்கள். நேரில் வந்த ஆய்வாளர் கண்டெழுதியதும், இல்லமே நிரப்பி அனுப்பிய புள்ளிவிவரமும் ஒரே எடையுடையவை அல்ல. அறிக்கையின் தேதியையும் பாருங்கள். ஒரே குறை மூன்று அறிக்கைகளில் தொடர்ந்து வந்தால், எண்ணிக்கையில் சிறிதானாலும் அது பெரிய செய்தி. இத்தகைய மதிப்பீடு இல்லாத இடங்களில், ஏற்கெனவே அங்கு உறவினரை வைத்திருக்கும் இரண்டு மூன்று குடும்பங்களோடு வெளியே வைத்துப் பேசுவது ஓரளவு ஈடாகும்.

சேர்ந்த முதல் வாரங்களில் அழுதுகொண்டே இருக்கிறார். இல்லத்தின் தவறா?

அவசியம் அப்படி இல்லை. வீட்டை விட்டு வந்த துயரம் நல்ல இல்லத்திலும் வரும். அந்த அழுகையை யாராவது கண்டுகொள்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

குறை சொன்னால் அம்மாவிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

மிகப் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது, அது காரணமற்றதும் அல்ல. அதனால்தான் குறையைச் சொல்லும் விதம் முக்கியமாகிறது. எந்த நாள், எந்த நேரம், என்ன கண்டேன், யாரிடம் சொன்னேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, முதலில் அந்த ஷிப்டின் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். "நீங்கள் சரியாகக் கவனிப்பதில்லை" என்பதைவிட, "செவ்வாய் மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இதே டயப்பர்தான் இருந்தது" என்பது மறுக்க முடியாதது; மேலும், அது ஆளைக் குற்றஞ்சாட்டாமல் நிகழ்வைச் சொல்கிறது. சரியாகாவிட்டால் எழுத்துமூலம் மேலாளரிடமும், பிறகு உரிமம் வழங்கிய அதிகாரியிடமும் போகலாம். அடி, விளக்கமில்லாத கன்றல், பணம் காணாமற்போவது, பாலியல் தீங்கு ஆகியவற்றில் இந்தப் படிகள் தேவையில்லை. படம் எடுத்துவைத்து, மருத்துவரிடம் காட்டி, அன்றே காவல்துறைக்கோ முதியோர் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும்.

நல்லதைக் கண்டபோதும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பராமரிப்பாளர்களின் வேலை கடினமானது, ஊதியம் பெரும்பாலும் குறைவு. அடிக்கடி வந்து, எல்லாரையும் பெயரால் அறிந்து வைத்திருக்கும் குடும்பத்தாரின் உறவினர் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும்.

எப்போது இல்லத்தை மாற்ற வேண்டும்?

இடம் மாறுவதும் ஓர் அதிர்ச்சிதான். மறதிநோய் உள்ளவர்களுக்குப் புதிய அறை, புதிய முகங்கள் என்பது வாரக்கணக்கில் நீளும் குழப்பம். ஆகவே திருத்திக்கொள்ளும் இல்லத்தை ஒரு தவறுக்காக விட்டுவிட வேண்டாம். தவறை மறைக்கும் இல்லம், குறிப்பேட்டைக் காட்ட மறுக்கும் இல்லம், ஒவ்வொரு கேள்விக்கும் "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விடை சொல்லும் இல்லம் ஆகியவற்றில் காத்திருப்பதால் பயனில்லை. மாற்றுவதென்று முடிவானால் மருந்துப் பட்டியல், எடைப் பதிவு, புண் இருந்தால் அதன் அளவும் படமும், விழுங்குதல் பற்றிய குறிப்பு ஆகியவற்றைக் கிளம்புமுன் நகலெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இல்லத்தில் முதல் நாளே ஒரு செவிலியரை உடன் வைத்துக்கொண்டு உடல் முழுவதையும் பார்த்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பிறகு காணும் புண்ணோ கன்றலோ எங்கே வந்தது என்ற விவாதத்துக்கு இடமிருக்காது.